நியூட்டன் மனந்திரும்பியது 1748-ல், கப்பலை விட்டது 1754-ல். நடுவில் கிருபை என்ன செய்துகொண்டிருந்தது?

தேரிக்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார் "அமேசிங் கிரேஸ்" பாட்டு பிறந்த கதையைச் சொன்னார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஜான் நியூட்டன் அடிமைக் கப்பலின் கேப்டன். நடுக்கடலில் புயல் வருகிறது, மனுஷன் முழங்காலில் விழுகிறார், கப்பலைத் திருப்பி அடிமைகளை இறக்கிவிடுகிறார், கையோடு பாட்டையும் எழுதிவிடுகிறார். பந்தல் முழுக்க அல்லேலூயா.

நடந்தது இது இல்லை. 1748 மார்ச்சில் புயலில் மாட்டிய கிரேஹவுண்ட் கப்பலில் நியூட்டன் கேப்டனே கிடையாது, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஊருக்குத் திரும்பிய பயணி. கப்பலில் அடிமைகளும் இல்லை. சரக்கில் பெரும்பகுதி தேன்மெழுகும் மரமும். இரண்டும் தண்ணீரைவிட லேசானவை என்பதால்தான் ஓட்டை விழுந்தும் கப்பல் மூழ்கவில்லை என்று அவரே பிற்பாடு எழுதினார். எப்படியோ அயர்லாந்தில் கரை சேர்ந்தார்கள். அன்று கடவுளைக் கூப்பிட்டதைத்தான் தன் மனந்திரும்புதலின் தொடக்கமாக அவர் ஆயுள் முழுக்க நினைவுகூர்ந்தார்.

அதே ஆண்டிலேயே அவர் அடிமை வியாபாரக் கப்பலில் துணை அதிகாரியாகச் சேர்ந்தார். 1750-லிருந்து 1754 வரை மூன்று பயணங்களில் கேப்டன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே பலகைக்குக் கீழே மனிதர்கள் விலங்கில் கிடந்தார்கள். கலகம் செய்யப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகத்தில் சிறுவர்களின் விரலை நெரிக்கும் கருவியில் வைத்ததை அவருடைய கப்பல் நாட்குறிப்பே சொல்கிறது. 1754-ல் கடலை விட்டதும் மனசாட்சி உறுத்தி அல்ல. திடீரென்று வலிப்பு மாதிரி ஒன்று வந்து விழுந்தார், மருத்துவர் போகாதே என்றார். அப்புறம் லிவர்பூல் துறைமுகத்தில் அரசு வேலை, 1764-ல் குருப்பட்டம். பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக ஓல்னி என்ற சிற்றூரில் எழுதியது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக எழுதியது 1788-ல்தான்.

என் கேள்வி: 1748-ல் அவருக்குக் கிடைத்தது மெய்யான கிருபை என்றால், அடுத்த ஆறு ஆண்டுகள் அது எங்கே இருந்தது? கிடைக்கவில்லை என்றால், எப்போது கிடைத்தது?

விசுவாச வீரன்

பிரதர், தேவன் மன்னித்ததை நாம் ஏன் தோண்டி எடுக்க வேண்டும்? "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." எபேசியர் 2:8. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஈவு என்றால் ஈவுதான். வாங்கின பிறகு தகுதி பார்க்கிறீர்களே.

தேரிக்காட்டான்

தகுதி பார்க்கவில்லை அண்ணே. வாங்கினவர் கையில் அது என்ன செய்தது என்றுதான் கேட்கிறேன். அதே எபேசியரில் 10-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று வருகிறது. எங்கள் சபையிலும் 9-லேயே நிறுத்திவிடுகிறார்கள்.

தரங்கை வாசகன்

லுத்தரன் பையன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தக் கேள்வி எங்களுக்குப் பழசு. விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்றார் எங்கள் சபைக்கு வித்திட்ட மார்ட்டின் லுத்தர். பாதி நீதிமான், பாதி பாவி என்று இல்லை. கிறிஸ்துவை வைத்துக் கடவுள் பார்க்கும்போது முழு நீதிமான், தன்னை வைத்துப் பார்க்கும்போது முழுப் பாவி. ஆகவே 1748-ல் நியூட்டன் மன்னிக்கப்பட்டார் என்று சொல்வதும், 1752-ல் அவர் செய்தது கொடிய பாவம் என்று சொல்வதும் ஒன்றையொன்று வெட்டாது.

லுத்தர் இதைச் சோம்பேறிகளுக்குத் தலையணையாகக் கொடுக்கவில்லை. 1517-ல் அவர் வெளியிட்ட 95 கூற்றுகளில் முதலாவதே விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். புயல் ராத்திரி ஒன்றோடு அது முடிகிற விஷயமே இல்லை.

இன்னொன்று: நியூட்டனே பிற்காலத்தில் தன் கதையை எழுதும்போது, அந்தப் புயலுக்குப் பிறகும் வெகுநாள் வரை தன்னை முழு அர்த்தத்தில் விசுவாசி என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று எழுதியிருக்கிறார். பிரசங்கியார்கள் அவருக்குக் கொடுக்கிற சான்றிதழை அவர் தனக்குக் கொடுக்கவில்லை.

பங்குக்கோயில் மணி

கத்தோலிக்கர் தரப்பிலிருந்து. மேலே தரங்கை நண்பர் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு இடறல் உண்டு. கடவுள் ஒருவனை நீதிமான் என்று அறிவித்துவிட்டு அவனை அப்படியே விட்டுவிடுவாரா? 1547-ல் எங்கள் ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் சொன்னது இதுதான்: ஏற்புடைமை (கடவுள் ஒருவனை நீதிமானாக்கி ஏற்பது) என்பது பாவமன்னிப்பு மட்டும் அல்ல, உள்மனிதன் புதுப்பிக்கப்படுவதும் சேர்ந்ததே. அருள் ஆன்மாவுக்கு உள்ளே வந்து வேலை செய்கிறது. அது வளரலாம். சாவான பாவத்தால் இழக்கவும் படலாம்.

அந்தக் கண்ணோடு பார்த்தால், நியூட்டன் 1748-ல் தொட்ட அருளை ஒவ்வொரு பயணத்திலும் மிதித்தார் என்று சொல்வேன். தெரிந்தே மிதித்தாரா தெரியாமல் மிதித்தாரா என்பது அவருடைய குற்றத்தின் அளவைக் காட்டும். கீழ்த்தட்டில் கிடந்தவர்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்புறம், இரண்டு சபைகளும் இன்னும் 16-ஆம் நூற்றாண்டிலேயே நின்று சண்டை போடுகின்றன என்று யாரும் நினைக்க வேண்டாம். 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இந்த ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். அதே நேரத்தில் தூய ஆவியைப் பெறுகிறோம், அவர் நம் உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்று அதில் இருக்கிறது. 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள்.

சும்மா ஒரு வாசகர்

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 18-ஆம் நூற்றாண்டைப் பார்க்காதீர்கள்.

மெதடிஸ்ட் வீட்டு மருமகள்

எல்லோரும் அப்படி இல்லை, ஐயா. பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நாலு பேர் அடிமைமுறைக்கு எதிராகக் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதியது 1688-ல். நியூட்டன் பிறப்பதற்கு 37 ஆண்டுகளுக்கு முன். ஜான் வுல்மன் என்ற அமெரிக்கர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அடிமைகளை வைத்திருப்பது தவறு என்று எழுதி அச்சிட்டது 1754-ல், சரியாக நியூட்டன் கடலை விட்ட அதே ஆண்டில். எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1774-ல் எழுதிவிட்டார், நியூட்டனுக்கு 14 ஆண்டு முன்னதாக. தகவல் இல்லாமல் இல்லை. காதுதான் இல்லை.

வேதத்திலும் இருந்தது. 1 தீமோத்தேயு முதல் அதிகாரத்தில் பவுல் போடும் பாவப் பட்டியலில் 10-ஆம் வசனம்: "மனுஷரைத் திருடுகிறவர்களுக்கும்". அதே அதிகாரத்தில் நாலைந்து வசனம் தள்ளித்தான், முன்னே துன்பப்படுத்தினவனாகிய தனக்குக் கிருபை பெருகியதையும், பாவிகளில் பிரதான பாவி தான் என்பதையும் சொல்கிறார். கேப்டனுடைய கேபினில் இருந்த வேதாகமத்திலும் இவை ஒரே பக்கத்திலோ அடுத்த பக்கத்திலோதான் இருந்திருக்கும். ஒன்றைப் பிடித்துக்கொண்டார், மற்றதைத் தாண்டிப் போனார்.

ஆனால் "கிருபை எங்கே இருந்தது" என்ற கேள்விக்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது. வெஸ்லி முன்செல்லும் கிருபை என்று ஒன்றைச் சொல்வார். நாம் தேடுவதற்கு முன்பே நம்மைத் தேடி வந்து தட்டுவது. மனிதன் அதைத் தடுக்கவும் முடியும். நியூட்டன் தன் கதையில் எழுதியதைப் பாருங்கள். கேப்டனாக இருந்தபோது இந்தத் தொழில் நியாயமா என்ற சந்தேகம் தனக்குத் துளியும் வரவில்லை என்கிறார். அதே மூச்சில், எப்போது பார்த்தாலும் சங்கிலி, தாழ், விலங்கு என்றிருக்கும் வேலை சில நேரம் அதிர்ச்சியாக இருந்தது, தான் ஒரு சிறைக்காவலன் போல என்று பட்டது, இதைவிட மனிதத்தன்மையுள்ள ஒரு வேலையைக் கொடும் என்று பலமுறை ஜெபித்தேன் என்றும் எழுதுகிறார். சந்தேகமே வராதவர் எதற்காக அப்படி ஜெபிக்க வேண்டும்? தட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை வேலை பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார், வேலை பாவம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

தேரிக்காட்டான்

அக்கா, அந்த ஜெபம் எனக்குத் தெரியாது. அப்படியென்றால் வலிப்பு வந்து கடலை விட்டதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாமா?

மெதடிஸ்ட் வீட்டு மருமகள்

அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் முழு நிம்மதி இல்லை. அவருக்கு மாற்று வேலை கிடைத்தது, கப்பல் வேறு கேப்டனோடு போனது.

நம்பெருமாள் தாசன்

கிறிஸ்தவன் இல்லை, ஸ்ரீரங்கத்துக்காரன். இழை நன்றாகப் போகிறது, ஒரு வார்த்தை. எங்கள் வைணவத்திலும் இதே சண்டை உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலையார் முதலாவதையும் தென்கலையார் இரண்டாவதையும் சொல்வார்கள். லுத்தரனைப் பார்த்தால் தென்கலை வாடை அடிக்கிறது, வெஸ்லி கொஞ்சம் வடகலை.

தரங்கை வாசகன்

சுவாமி, ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மன் லுத்தரன் அறிஞர் இந்த ஒப்பீட்டில் இறங்கி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் இங்கே கேள்வி யார் தூக்கினார் என்பது இல்லை. தூக்கி வைத்த இடத்தில் பூனைக்குட்டி என்ன செய்தது என்பது.

நம்பெருமாள் தாசன்

அதுவும் சரிதான். தொடருங்கள்.

கறுப்பு மை

இவ்வளவு நேரம் எல்லோரும் மேல்தளத்திலேயே நின்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒலாடா எக்வியானோ என்று ஒருவர் இருந்தார். சிறுவயதிலேயே அடிமையாக விற்கப்பட்டவர், பல கப்பல்களில் வேலை செய்தவர், கூலியையும் சிறு வியாபாரத்தையும் சேர்த்து 1766-ல் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர். 1789-ல் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். அதில் அவருடைய மனந்திரும்புதலும் வருகிறது. 1774-ல், ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில், அப்போஸ்தலர் நடபடிகள் 4:12-ஐ வாசித்துக்கொண்டிருந்தபோது. அவரும் எல்லாம் கிருபை என்றுதான் சொல்கிறார், தன் கிரியை ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறார். நியூட்டனின் வரிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அதே புத்தகத்தில், சந்தையில் அண்ணன் தம்பிகளைப் பிரித்து விற்றதைச் சொல்லிவிட்டு, பேருக்குக் கிறிஸ்தவர்களே, இதை உங்கள் கடவுளிடமா கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு ஆப்பிரிக்கன் கேட்கக் கூடாதா என்று கேட்கிறார். கிருபை பெற்றவர் கேட்ட கேள்வி அது. அவருக்கு அது நீதியிலிருந்து தனியே பிரித்தெடுத்த ஒன்றாக இல்லை.

நியூட்டனுக்குக் கிருபை மெதுவாகப் பாடம் சொல்லிக் கொடுத்தது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தீத்து 2:12-ல் கிருபை போதிக்கிறது என்றே இருக்கிறது, சரி. மாணவன் மந்தம் என்றால் ஆசிரியர் பொறுமையாக இருக்கலாம். ஆனால் அந்த மந்தத்துக்கான கட்டணத்தை யார் கட்டினார்கள்? நியூட்டன் கட்டவில்லை. அவர் பாடம் படித்து முடிக்கும் வரை வேறு ஆட்கள் விலங்கில் கிடந்தார்கள். எந்த இறையியல் புத்தகத்திலும் இந்தக் கணக்கு வரவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை நான் மூடி வைத்துவிடுவேன்.

விசுவாச வீரன்

அப்படியென்றால் நியூட்டன் நரகத்தில் இருக்கிறார் என்கிறீர்களா?

கறுப்பு மை

இல்லை. அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, ஆசையும் இல்லை. அவருடைய கதையை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

வேப்பேரி பேரன்

நம் ஊர்க் கதைக்கு வருவோமா? 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்திய சபைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாடு தீர்மானமாக, உடனடியாக, முடிவாக ஒழிய வேண்டும் என்று. அதற்கு முன் நூறாண்டுக்கு மேலாகத் தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் கிருபையைப் பற்றி அழகழகாகப் பிரசங்கம் நடந்தது. அதே கோயில்களில் தனித்தனி உட்காரும் இடம். கடிதம் வாசிக்கப்பட்டதும் வேப்பேரி, தஞ்சாவூர், திருச்சி என்று பல ஊர்களில் நற்கருணை எடுப்பதையே விட்டுவிட்டு வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டோம் என்று. அவர்களில் ஒரு பகுதியினர் பிறகு லீப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் லுத்தரன் மிஷன் பக்கம் சாய்ந்தார்கள், அங்கே சாதி விஷயத்தில் கொஞ்சம் இளக்கம் இருந்தது. தரங்கை நண்பர் கோபிக்கக் கூடாது.

நியூட்டனுக்கு ஆறு ஆண்டு என்று கணக்குப் போடுகிறோம். நமக்கு எத்தனை?

தரங்கை வாசகன்

கோபம் இல்லை. நடந்ததுதான். ஆனால் எங்கள் பக்கம் மட்டும் விரல் நீள வேண்டாம்.

பங்குக்கோயில் மணி

நீள வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். வடக்கன்குளத்தில் எங்கள் கோயிலுக்கு உள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டிய சுவர் இருந்தது. பீடம் ஒன்று, அப்பம் ஒன்று, நடுவில் சுவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தபோது வழக்கு வரைக்கும் போனார்கள். திரிதெந்து சங்கத்தின் வரிகளை மேலே நான் பெருமையாகத்தான் எழுதினேன். உள்மனிதன் புதுப்பிக்கப்படுகிறான் என்று நம்புகிறவர்கள் கட்டிய சுவர் அது.

சும்மா ஒரு வாசகர்

கிருபையில் தொடங்கி சாதியில் வந்து நிற்கிறது. எதிர்பார்த்ததுதான்.

வேப்பேரி பேரன்

தொடங்கிய இடத்திலேயே சங்கிலி இருந்தது, சார். நீங்கள் பாட்டைப் பார்த்தீர்கள்.

முதலூர் முந்திரி

பேரன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது வலிக்கும். நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் எல்லாம் எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து திருச்சபைச் சங்கத்தின் மிஷன் ஊர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அவர்கள் தந்தது. என் தாத்தா எழுத்துப் படித்ததே அந்த மிஷனால்தான், அந்த நன்றி போகாது.

அதே எஸ்.பி.ஜி.க்கு பார்படாஸ் தீவில் காட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டம் இருந்தது. 1710-ல் இறந்த ஒரு பணக்காரர் உயில் எழுதி வைத்தது. அடிமைகளை வைத்து நடந்த தோட்டம். சுவிசேஷத்தைப் பரப்பும் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆரம்ப காலத்தில் அடிமைகளின் மார்பில் "சொசைட்டி" என்று பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டிருக்கிறார்கள். 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டது. பேரன் சொன்ன வில்சன் கடிதமும் அதே ஆண்டுதான். நட்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அடிமைகளுக்கு இல்லை, எஜமான்களுக்கு. அந்தச் சங்கமும் தன் பங்கை வாங்கிக்கொண்டது. இங்கிலாந்து திருச்சபை இதற்காக மன்னிப்புக் கேட்டது 2006-ல்.

பங்குக்கோயில் மணி

இதனால்தான் எங்கள் ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்போடு பரிகாரமும் இருக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்காமல் பாவசங்கீர்த்தனம் முழுமையாகாது. மன்னிப்பை விலைக்கு வாங்குவதற்காக இல்லை. சக்கேயு என்ற வரி வசூலிப்பவனைப் பாருங்கள், லூக்கா 19. இயேசு அவன் வீட்டுக்குள் போனதற்கு நிபந்தனை எதுவும் போடவில்லை. போன பிறகு அவனாகவே எழுந்து நின்று, ஏமாற்றிப் பறித்ததை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். அதற்கப்புறம்தான் இந்த வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று என்ற வார்த்தை வருகிறது.

விசுவாச வீரன்

சிலுவையில் தொங்கின கள்ளன் எதைத் திருப்பிக் கொடுத்தான்? அவனுக்கு இன்றைக்கே பரதீசு என்று வாக்கு கிடைத்ததே. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தரங்கை வாசகன்

நல்ல கேள்வி, இதை லேசாகத் தட்டிவிட முடியாது. ஒன்றும் கொடுக்க முடியாதவனுக்கும் கதவு திறக்கிறது என்பதை விட்டுவிட்டால் எங்களுக்கு விசுவாசமே இல்லை. என் அப்பா கடைசி நாட்களில் பேச்சு இல்லாமல் கிடந்தார். அவருக்கு நான் வாசித்தது அந்த வசனத்தைத்தான்.

மெதடிஸ்ட் வீட்டு மருமகள்

அதை நானும் விட மாட்டேன். ஆனால் அந்தக் கள்ளனுக்குக் கை கால் ஆணியில் இருந்தது, இறங்கிப் போய் யாருக்கும் எதையும் கொடுக்க வழியில்லை. நியூட்டனுக்குக் கடலை விட்ட பிறகு 53 ஆண்டுகள் இருந்தன. அவற்றில் முதல் 34 ஆண்டுகள் அந்த வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதவில்லை. எழுதியபோது, என் இருதயம் இப்போது நடுங்குகிற ஒரு தொழிலில் நானே கருவியாக இருந்தேன், அது எனக்கு எப்போதும் வெட்கம் என்று மறைக்காமல் எழுதினார். நாடாளுமன்றத்தில் போய்ச் சாட்சி சொன்னார். அதற்கு முன்பே, 1785-ல் அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு தேடி வந்த இளம் உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸை, பிற்பாடு அடிமை வியாபாரத்துக்கு எதிராக அங்கே போராடியவரை, நாடாளுமன்றத்திலேயே நில் என்று அனுப்பியதும் அவர்தான். அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது, டிசம்பரில் அவர் இறந்தார். இதையும் கிருபையின் கணக்கில்தான் வைக்கிறேன். கறுப்பு மை சொன்ன கட்டணம் அதனால் தள்ளுபடி ஆகவில்லை.

கறுப்பு மை

ஆகவில்லை. அதோடு வுல்மனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அடிமை உழைப்பால் வந்தது என்பதற்காகச் சர்க்கரையை விட்டவர் அவர், சாயம் போட்ட துணியையும் விட்டார். வெள்ளைத் தொப்பியும் சாயமில்லாத உடையுமாகத் திரிந்தார், பார்த்தவர்கள் விசித்திரப் பிறவி என்றார்கள். கிருபை ஒரு மனுஷனின் சட்டை வரைக்கும் வந்தது. நியூட்டனுக்கு ஒரு தலைமுறை முன்னதாகவே.

விசுவாச வீரன்

வுல்மன் பற்றி எங்கே வாசிக்கலாம்? தமிழில் ஏதாவது இருக்கிறதா?

கறுப்பு மை

நான் தமிழில் பார்த்ததில்லை. அவருடைய நாட்குறிப்பு ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விருப்பம் இருந்தால் சேர்ந்து வாசிக்கலாம், கடினமான நடை இல்லை.

விசுவாச வீரன்

சரி, தனிச்செய்தியில் அனுப்புங்கள். நியூட்டன் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.